வீட்டு ஹோலில் பேச்சுத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால்: ஹோம் தியேட்டர் றிசீவரின் ஸ்பீக்கர், இன்புற் அமைப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு தொலைக்காட்சி, பிளேயர் முதலியவற்றின் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் ஹோம் தியேட்டர் றிசீவர் என்ற கருவி கடையிலிருந்து வருவதில்லை; கார்கோ பெட்டியில் வருகிறது. கனடாவில் இருக்கும் அண்ணாவோ லண்டனில் இருக்கும் மாமாவோ தமக்குப் புதிதாக ஒன்றை வாங்கியதும், பழையதைத் துணிமணிகளுக்கும் சொக்கலேற் பெட்டிகளுக்கும் நடுவே பொதிந்து அனுப்பிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்தால் றிசீவர் இருக்கும், சில வேளை றிமோட்டும் இருக்கும். கையேடும் ஸ்பீக்கர்களின் ஒலியை அளவெடுக்கும் மைக்கும் அநேகமாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் உள்ளே இருக்கும். அது அந்தக் கருவி முன்பு வாழ்ந்த வீட்டின் நினைவு: அங்கே எத்தனை ஸ்பீக்கர் இருந்தன, ஒவ்வொன்றும் இருக்கையிலிருந்து எத்தனை அடி தள்ளி இருந்தது, எந்தத் துவாரத்தில் எந்தக் கருவி செருகப்பட்டிருந்தது என்ற கணக்கு முழுவதும்.

எங்கள் வீட்டுக்கு வந்த றிசீவரில் பாட்டு நன்றாக முழங்கியது. படம் போட்டால் மட்டும் பேச்சுக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. இரண்டு கிழமை ஸ்பீக்கரைக் குறை சொன்னோம், பிறகு வயரைக் குறை சொன்னோம். கடைசியில் மெனுவைத் திறந்து பார்த்தபோதுதான், நடுவில் ஒரு ஸ்பீக்கர் இருப்பதாக அது நம்பிக்கொண்டு, படத்தின் பேச்சு முழுவதையும் இல்லாத அந்த ஸ்பீக்கருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. எங்களிடம் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஆழ்ந்த பாஸ் ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர், அவ்வளவுதான். ஒரு தெரிவை மாற்றிய உடனே பேச்சுத் திரும்பி வந்தது. இந்த வழிகாட்டி அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. றிசீவருக்கு உங்கள் ஹோல் எப்படிப்பட்டது என்று தானாகத் தெரியாது. அதை ஒழுங்கான வரிசையில் அதற்குச் சொல்லிக்கொடுப்பதே இங்கே நாம் செய்யப்போகும் வேலை.

பிளக்கைச் செருகுவதற்கு முன்

றிசீவரின் பின்புறத்தில், மின்வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில் மின்னழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். வேறு எதைச் செய்வதற்கும் முன்னர் அதை வாசியுங்கள். நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பிரித்தானியாவிலோ ஐரோப்பாவிலோ அவுஸ்திரேலியாவிலோ வாங்கப்பட்ட கருவி நமது அழுத்தத்துக்கு ஒத்ததே. பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கப்படும் றிசீவர்களோ பெரும்பாலும் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டுமே குறிக்கப்பட்டவை. லப்ரொப் சார்ஜர்களில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் றிசீவரும் அப்படித்தான் என்று எண்ணி ஏமாறுகிறார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில் மாற்றுப் பிளக்கைப் போட்டு நேரே செருகியதில், பாட்டு ஒரு சொல்கூட வராமல் கருகிய மணம் மட்டும் வந்தது.

அத்தகைய கருவிக்கு 230 வோல்ற்றை 110 வோல்ற்றாகக் குறைக்கும் ட்றான்ஸ்ஃபோமர் கட்டாயம் வேண்டும். பின்புறத்தில் எழுதியிருக்கும் வாற்று அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கொள்ளளவுள்ளதாக அதை வாங்குங்கள். 500 வாற்று என்றிருந்தால் 1000 வீ.ஏ. (ட்றான்ஸ்ஃபோமரின் கொள்ளளவு அலகு) கொண்டது. ட்றான்ஸ்ஃபோமர் அழுத்தத்தைக் குறைக்குமே தவிர 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. ஆகையால் கருவி சற்றுக் கூடுதலாகச் சூடேறலாம். மேற்புறத்தில் குறைந்தது 10 சென்ரிமீற்றர் வெளியாவது விட்டு, காற்றோட்டமான மேசையில் வையுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் றிசீவரை வைக்கும் பழக்கத்தை நான் முற்றாக எதிர்க்கிறேன். அழகுக்காக வைத்த ஒரு கருவி இரண்டு மணி நேரப் படம் முடிவதற்குள் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வதில் அழகு எதுவுமில்லை.

இடிமின்னலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால், சுவிச்சை அணைப்பது போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், டிஷ் அன்ரனாவின் வயரையும் றவுட்டரிலிருந்து வரும் வயரையும் கழற்றுங்கள். மின்னல் மின்வயரால் மட்டும் வருவதில்லை. கூரையில் இருக்கும் டிஷ்ஷின் வழியாக வந்து படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. துவாரத்தைச் சுட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய வீட்டை மறக்கச் செய்தல்

றிசீவரின் எச்.டி.எம்.ஐ. அவுட் துவாரத்திலிருந்து தொலைக்காட்சிக்கு ஒரு வயர் போட்டால், றிமோட்டின் செற்றப் அல்லது மெனு பொத்தானை அழுத்தும்போது திரையில் மெனு தெரியும். மிகப் பழைய சில கருவிகளில் மெனு மஞ்சள் நிற வீடியோ வயர் வழியாகவே வரும். அதுவும் இல்லையென்றால் முன்பக்கத்துச் சிறிய எழுத்துத் திரையைப் பார்த்தே வேலையை முடிக்கலாம்.

முதற்காரியம், றிசெற் அல்லது இனிஷியலைஸ் என்ற தெரிவைத் தேடி, எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவது. மெனுவில் அது இல்லாவிட்டால், கருவியை அணைத்துவிட்டு முன்பக்கத்தில் குறிப்பிட்ட இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியபடி இயக்கும் முறை இருக்கும். எந்தப் பொத்தான்கள் என்பது மொடலுக்கு மொடல் மாறும். பின்புறத்து மொடல் இலக்கத்தை இணையத்தில் தேடினால் நிறுவனத்தின் கையேடே பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும், அதைக் கைத்தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னரும் பலமுறை தேவைப்படும். வட அமெரிக்கக் கருவியில் எஃப்.எம். அலைவரிசை 0.2 மெகாஹேர்ட்ஸ் தாவலில்தான் நகரும் என்பதால், புள்ளிக்குப் பின் இரட்டை எண் கொண்ட நமது வானொலிகள் சிக்காமல் போகும். சில மொடல்களில் அந்தத் தாவலை 0.05 ஆக மாற்றும் வழியும் அதே கையேட்டில் இருக்கும்.

ஸ்பீக்கர்கள் நிற்கும் இடமும் வயரும்

மெனுவில் செய்யும் எந்தத் திருத்தமும் பிழையான இடத்தில் வைத்த ஸ்பீக்கரைச் சரியாக்காது. முன்பக்கத்து இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் ஒரு கயிறு போதும். நீங்கள் உட்காரும் கதிரையிலிருந்து இடப்பக்கத்து ஸ்பீக்கர் வரை கயிற்றைப் பிடியுங்கள்; அதே நீளம் வலப்பக்கத்து ஸ்பீக்கருக்கும், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையிலும் வருமாறு அவற்றை நகர்த்துங்கள். அப்படி வைத்தால் ஒவ்வொன்றும் நேர்கோட்டிலிருந்து 30 பாகை விலகி நிற்கும். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையும் இதுவே. நடு ஸ்பீக்கர் தொலைக்காட்சிக்குக் கீழேயே வரும். அதன் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு சிறு தடியை வைத்து, முகம் உங்கள் காதைப் பார்க்குமாறு நிமிர்த்துங்கள். சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டும் உங்கள் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி, ஏறத்தாழ 110 பாகையில், உட்கார்ந்திருக்கும் காதின் உயரத்திலிருந்து இரண்டடி வரை மேலே இருக்கலாம்.

வீட்டுத்திட்ட வீடுகளின் ஹோல் சிறியது. சோபா பின்சுவரோடு ஒட்டியே கிடக்கும். அங்கே சரவுண்ட் ஸ்பீக்கர்களைப் பின்சுவரில் மாட்டாமல் பக்கச் சுவர்களில், நேர் பக்கவாட்டில் மாட்டுங்கள். முடிந்தால் சோபாவை ஓரிரு அடி முன்னே இழுங்கள். சுவரோடு ஒட்டிய இருக்கையில் பாஸ் ஒலி தேவைக்கு மேல் திரண்டு நின்று பேச்சை மூடிவிடும். எதிரொலியும் காதுக்குப் பின்னாலேயே புறப்படும். ரைல்ஸ் பதித்த தரையும் பூசிய வெறும் சுவரும் தகரக் கூரையும் சேர்ந்த ஹோலில் ஒரு கைதட்டலே இரண்டு முறை கேட்கும். ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் இடையே தரையில் ஒரு தடித்த விரிப்பு, யன்னலுக்குக் கனத்த திரைச்சீலை, இந்த இரண்டுமே சில ஆயிரம் ரூபாயில் தரும் தெளிவை இன்னொரு விலைகூடிய ஸ்பீக்கர் தராது.

வயரைப் பொறுத்தவரை, பத்து மீற்றருக்குள் 1.5 சதுர மில்லிமீற்றர் இழைவயர் போதுமானது. அதற்கு மேல் ஓடினால் 2.5 எடுக்கலாம். செப்பு இழைகளை நன்றாக முறுக்கிச் செருகுங்கள். ஒரு இழை தப்பிப் பக்கத்துத் துவாரத்தைத் தொட்டாலும் றிசீவர் பாதுகாப்பு நிலைக்குப் போய் அணைந்துவிடும். சிவப்புச் சிவப்புக்கும் கறுப்புக் கறுப்புக்கும் போக வேண்டும். பழைய பெட்டிகளில் நிறம் அழிந்திருந்தால், வயரை றிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, மறுமுனைகளை ஒரு 1.5 வோல்ற் பற்றரியில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பெரிய கூம்பு வெளியே தள்ளினால், பற்றரியின் நேர்முனையைத் தொட்ட வயர்தான் சிவப்பு. உள்ளே இழுபட்டால் மற்றது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறிப்போனால் பாஸ் மெலிந்து, பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுவதும் கரைந்துபோகும்.

இன்னொரு எச்சரிக்கை. கூடுதல் சத்தம் வேண்டுமென்று ஒரே துவாரத்தில் இரண்டு பெட்டிகளை இணையாகப் பூட்டுபவர்கள் நம்மிடையே பலர். இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகப் பூட்டினால் றிசீவருக்குத் தெரிவது 4 ஓம். நான்கைப் பூட்டினால் 2 ஓம். ஓம், அதாவது மின்தடை, குறையக் குறைய றிசீவர் சுமக்கும் மின்னோட்டம் கூடும். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் அம்ப்ளிஃபயர் வேறு, வீட்டு றிசீவர் வேறு.

ஸ்பீக்கர் மெனு

ஸ்பீக்கர் செற்றப் என்ற பகுதிக்குள் நான்கு கேள்விகள் இருக்கும். அவற்றுக்கான பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறினாலும் உட்பொருள் ஒன்றே: எந்த ஸ்பீக்கர்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு பெரியவை, எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும்.

முதலாவது கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். கொன்ஃபிகரேஷன் அல்லது அம்ப் அசைன் என்ற பக்கத்தில், உங்களிடம் இல்லாத ஒவ்வொரு ஸ்பீக்கரையும் இல்லை என்று குறியுங்கள். படங்களில் பேச்சின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்று ஒதுக்கிய நடுத் தடத்தில் பதிவாகிறது. நடு ஸ்பீக்கர் இல்லை என்று சொன்னால் அந்தப் பேச்சை றிசீவர் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சுத் திரையிலிருந்தே வருவதாகத் தோன்றும். சொல்லாமல் விட்டால் எங்கள் வீட்டில் நடந்ததே நடக்கும். சப்வூஃபர் இல்லாதவர்கள் அதையும் இல்லை என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் பறையும் தவிலும் வெறும் தோல்தட்டாகக் கேட்கும். ஏழு தடக் கருவியில் ஐந்து ஸ்பீக்கர் மட்டுமே பூட்டியிருந்தால், மீதி இரண்டும் பின் சரவுண்ட் என்றோ உயர ஸ்பீக்கர் என்றோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். ஸ்மோல், லார்ஜ் என்ற இரு தெரிவுகளும் பெட்டியின் பருமனைப் பற்றியவை அல்ல. அந்த ஸ்பீக்கருக்கு ஆழமான பாஸ் ஒலியை அனுப்புவதா இல்லையா என்பதைப் பற்றியவை. லார்ஜ் என்றால் முழு ஒலியும் அதற்கே போகும். ஸ்மோல் என்றால், கிரொஸ்ஓவர் என்று நீங்கள் குறிக்கும் அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பது சப்வூஃபருக்குத் திருப்பி விடப்படும். சப்வூஃபர் இருக்கும் வீட்டில், நெஞ்சளவு உயர்ந்த பெட்டியாக இருந்தாலும் ஸ்மோல் என்றே வைக்கச் சொல்வேன். பெரிய பெட்டியை ஸ்மோல் என்று அழைப்பது கௌரவக் குறைவு என்று எண்ணுபவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் பாஸ் சுமையை இறக்கிவிட்டால் றிசீவரின் மின்வலு பேச்சுக்கும் பாட்டுக்கும் மிச்சப்படுகிறது. கிரொஸ்ஓவரை 80 ஹேர்ட்ஸில் தொடங்குங்கள். கையடக்கச் சிறு ஸ்பீக்கர்களுக்கு 120 அல்லது 150 தேவைப்படும். அவற்றுக்கு 80 என்று வைத்தால், ஸ்பீக்கராலும் ஒலிக்க முடியாத, சப்வூஃபருக்கும் போகாத ஓர் இடைவெளி விழுந்து ஆண்குரல்கள் மெலிந்துவிடும். எல்.எஃப்.இ. வடிப்பு (படத்தின் தனி பாஸ் தடத்துக்கான வடிப்பு) என்று தனியாக ஒன்று இருந்தால் அதை 120 ஹேர்ட்ஸில் விடுங்கள். பாஸை முன்ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் இரட்டிப்பாக அனுப்பும் தெரிவு இருந்தால் அணைத்து விடுங்கள். சப்வூஃபரின் முதுகில் இருக்கும் கிரொஸ்ஓவர் திருகியையும் ஆகக் கூடிய எல்லைக்குத் திருப்பிவிட வேண்டும். ஒரே வேலையை இரண்டு கருவிகள் செய்தால் நடுவில் ஒலி தொலைந்துபோகும்.

தூரத்துக்கு அளவு நாடாவை எடுத்து, காது இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் முகம் வரை அளந்து எழுதுங்கள். ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறத்தாழ 0.9 மில்லிசெக்கன் எடுக்கிறது. இந்த எண்ணைக் கொண்டு, கிட்ட இருக்கும் ஸ்பீக்கரின் ஒலியை றிசீவர் சற்றுத் தாமதப்படுத்தி எல்லாவற்றையும் ஒரே கணத்தில் உங்கள் காதுக்குக் கொண்டுவருகிறது. 20 பாகை செல்சியஸில் செக்கனுக்கு 343 மீற்றர் ஓடும் ஒலி, நமது ஊரின் 30 பாகையில் 349 மீற்றர் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஹோலுக்குள் அந்த வேறுபாட்டைக் காது உணராது, ஆகவே அதைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அடியும் மீற்றரும் குழம்பாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக லெவல். ரெஸ்ற் ரோன் என்பதை இயக்கினால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் முறையே ஓர் இரைச்சல் வரும். கைத்தொலைபேசியில் ஒலியளவு காட்டும் ஒரு செயலியை இறக்கி, சி என்ற நிறையிடலையும் (C weighting) மெதுவான பதிலையும் (Slow) தெரிந்து, காது இருக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு, எல்லா ஸ்பீக்கர்களும் 75 டெசிபலுக்குக் கிட்ட ஒரே அளவைக் காட்டும்வரை கூட்டிக் குறையுங்கள். கைத்தொலைபேசி காட்டும் எண் முற்றிலும் சரியாக இராது. ஸ்பீக்கர்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். சப்வூஃபருக்கு மட்டும் கைத்தொலைபேசியின் மைக்கை நம்ப வேண்டாம், காதால் சரிசெய்யுங்கள். சமப்படுத்திய பிறகும் வயதானவர்களுக்குப் பேச்சு விளங்கவில்லையென்றால் நடு ஸ்பீக்கரை மட்டும் ஒன்று அல்லது இரண்டு டெசிபல் உயர்த்துவதில் தவறில்லை.

மைக் வந்திருந்தால்

டெனன், மராண்ட்ஸ் கருவிகளில் ஓடிஸ்ஸி என்றும், யமஹாவில் வை.பி.ஏ.ஓ. என்றும், பயனியரில் எம்.சி.ஏ.சி.சி. என்றும் பெயர் பெற்ற தானியங்கி அளவெடுப்பு, மேலே சொன்ன நான்கு வேலைகளையும் சில நிமிடங்களில் செய்து, அறையின் எதிரொலிக்கு ஏற்ற திருத்தத்தையும் சேர்த்துவிடும். மைக் அந்தந்த நிறுவனத்துக்கென்று அளவமைக்கப்பட்டது. ஒன்றின் மைக்கை இன்னொன்றில் செருகி எடுத்த அளவு பயன்படாது.

மைக்கைக் கையில் பிடிக்கக் கூடாது, சோபாவின் முதுகில் வைக்கவும் கூடாது. கமரா முக்காலி இருந்தால் நல்லது. இல்லையென்றால் இருக்கையின்மேல் புத்தகங்களை அடுக்கி, நுனி காது உயரத்துக்கு வருமாறு நிறுத்துங்கள். அளவெடுக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது. எங்கள் பக்கத்தில் அதற்கு உகந்த நேரம் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னர்தான். அதற்குப் பிறகு லான்ட்மாஸ்ரர்கள் வயலுக்குப் புறப்பட்டுவிடும், கோயில் ஒலிபெருக்கியும் தொடங்கிவிடும். தகரக் கூரையில் மழை விழும் நாளில் முயலவே வேண்டாம். வழமையாகப் படம் பார்க்கும்போது எந்த யன்னல் திறந்திருக்குமோ அதே யன்னலைத் திறந்து வையுங்கள். பல இடங்களில் மைக்கை வைக்கச் சொல்லிக் கருவி கேட்டால், முதலாவது அளவைப் பிரதான இருக்கையில் எடுத்து, மற்றவற்றை அதைச் சுற்றி ஓரிரு அடிக்குள்ளேயே எடுங்கள்.

முடிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். முன்ஸ்பீக்கர்களை அது லார்ஜ் என்று குறித்திருந்தால் ஸ்மோல், 80 ஹேர்ட்ஸ் என்று மாற்றுங்கள். ஆனால் 120 என்று அது கண்ட ஸ்பீக்கரை 80க்கு இறக்க வேண்டாம். அதற்குக் கீழே அந்த ஸ்பீக்கருக்குத் திருத்தம் செய்யப்பட்டிருக்காது. சப்வூஃபரின் தூரம் நாடாவில் அளந்ததைவிடப் பல அடி கூடுதலாகக் காட்டினால் பயப்படாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஏற்படுத்தும் தாமதத்தையும் அது தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது. அதைத் திருத்தினால் கெடுத்துவிடுவீர்கள். சப்வூஃபரின் லெவல் கீழெல்லையில் முட்டி நின்றால், அதன் முதுகில் இருக்கும் சத்தத் திருகியைக் குறைத்துவிட்டு மீண்டும் அளவெடுங்கள்.

இன்புற்: எந்தத் துவாரத்தில் எது

இனி ஒலி உள்ளே வரும் பக்கம். றிசீவரின் பின்னால் எச்.டி.எம்.ஐ. 1, 2, 3 என்ற இலக்கங்களும், றிமோட்டில் சற், கேம், சி.டி. என்ற பெயர்களும் இருக்கும். எந்தப் பெயரை அழுத்தினால் எந்தத் துவாரம் திறக்க வேண்டும் என்பதை இன்புற் அசைன் என்ற பக்கம் தீர்மானிக்கிறது. படம் வந்து ஒலி வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒரே பெயருக்கு எச்.டி.எம்.ஐ. துவாரம் ஒன்றும் ஒப்டிக்கல் துவாரம் ஒன்றும் சேர்த்து ஒதுக்கப்பட்டிருந்தால், ஒலியை வெறுமையான ஒப்டிக்கலிலிருந்து எடுக்க முயன்றுகொண்டிருக்கும். தேவையற்ற ஒதுக்கீட்டை நீக்கி, இன்புற் மோட் என்பதை ஓட்டோ என்று விடுங்கள். பெயரை மாற்றும் வசதி இருந்தால் டயலொக் டிவி, பியோ டிவி, பென்ட்றைவ் என்று வீட்டில் வழங்கும் பெயரையே இடுங்கள். ஆங்கில எழுத்திலென்றாலும் பிள்ளைகளும் பெரியவர்களும் தடுமாற மாட்டார்கள்.

எந்த வயர் எதைச் சுமக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. வயர் இரண்டு தட ஒலியை மட்டும் சுமக்கும். ஒப்டிக்கலும் கொக்சியலும் இரண்டு தடப் பி.சி.எம். (சுருக்கப்படாத டிஜிட்டல்) ஒலியையும், டொல்பி டிஜிட்டல், டி.ரி.எஸ். ஆகிய சுருக்கப்பட்ட 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) ஒலியையும் சுமக்கும். புளூரே தட்டின் ட்றூ எச்.டி. என்ற இழப்பில்லாத ஒலி அவற்றில் போகாது. எச்.டி.எம்.ஐ. எல்லாவற்றையும் சுமக்கும். ஒப்டிக்கல் வயரின் நுனியில் சிறு பிளாஸ்ரிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகிவிட்டு ஒலி வரவில்லை என்று என்னை அழைத்தவர்கள் ஒருவரிருவர் அல்லர்.

தொலைக்காட்சிக்குள்ளேயே யூரியூப்பும் படங்களும் பார்ப்பவர்களுக்கு ஏ.ஆர்.சி. என்ற வழி உண்டு. தொலைக்காட்சியில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துவாரத்தை றிசீவரின் அவுட் துவாரத்தோடு இணைத்தால், படம் போகும் அதே வயரில் ஒலி திரும்பி வரும். இரு கருவிகளிலும் எச்.டி.எம்.ஐ. கொன்றோல் இயங்க வேண்டும். சாம்சுங் அதை எனிநெற் பிளஸ் என்றும், எல்.ஜி. சிம்பிளிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. அடுத்து, தொலைக்காட்சியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புற் பி.சி.எம். என்றிருந்தால், ஏ.ஆர்.சி. இரண்டு தடத்தை மட்டுமே அனுப்பும். அதை ஓட்டோ, பிற்ஸ்ட்றீம் (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே றிசீவருக்கு அனுப்புவது) அல்லது பாஸ்துறூ என்று மாற்றுங்கள். தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். இரு கருவிகளிலும் ஏ.ஆர்.சி.யின் புதிய வடிவமான ஈ.ஏ.ஆர்.சி. இருந்தால் சுருக்கப்படாத பல தட ஒலியும் வரும்.

பென்ட்றைவில் படத்தை ஏற்றித் தொலைக்காட்சியில் செருகிப் பார்ப்பதே நம்மிடையே பெருவழக்கு. ஆனால் டி.ரி.எஸ். ஒலி கொண்ட கோப்புகளைப் பல புதிய தொலைக்காட்சிகள் வாசிப்பதில்லை. படம் ஓடும், ஒலி வராது. அந்தத் தொலைக்காட்சியோடு மல்லுக்கட்டுவதைவிட, ஒரு சிறு மீடியா பிளேயரை றிசீவரின் எச்.டி.எம்.ஐ. இன் துவாரத்தில் நேரே பூட்டி, அதன் ஒலி வெளியீட்டைப் பிற்ஸ்ட்றீம் என்று வைப்பது மேல்.

என்ன ஒலி உள்ளே வருகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. றிமோட்டின் இன்ஃபோ பொத்தான், வரும் ஒலியின் வகையையும் தடங்களின் எண்ணிக்கையையும் காட்டும். அங்கே பி.சி.எம்., இரண்டு தடம் என்று இருந்தால், பின் ஸ்பீக்கர் பேசவில்லை என்று வயரைப் பிடுங்கிப் பார்ப்பதில் பயனில்லை. அனுப்பும் கருவியின் மெனுவுக்கே போக வேண்டும். ஒரு இன்புற் மெலிதாகவும் இன்னொன்று காதைக் கிழிப்பதாகவும் இருந்தால், சோர்ஸ் லெவல் அல்லது இன்புற் ட்றிம் என்ற தெரிவில் சில டெசிபல் கூட்டிக் குறைத்துச் சமப்படுத்துங்கள்.

கேட்கும் முறையும் உதட்டசைவும்

இரண்டு தட ஒலியை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பரப்ப டொல்பி சரவுண்ட், நியூரல் எக்ஸ் போன்ற முறைகள் இருக்கின்றன. பேச்சை அவை நடுவுக்குக் கொண்டுவருவதால் செய்திக்கும் நாடகத்துக்கும் நல்லவை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவை நடு ஸ்பீக்கரில் மட்டும் ஒலிப்பது பிழையன்று, இயல்பு. ஹோல், ஸ்ரேடியம், சேர்ச் என்ற பெயர்களில் எதிரொலி சேர்க்கும் முறைகளைத் தொடவே வேண்டாம். நமது ஹோல்களில் இருக்கும் எதிரொலியே போதும்.

பிள்ளைகள் உறங்கிய பின் படம் பார்க்க நைற் மோட் அல்லது டி.ஆர்.சி. என்ற தெரிவை இயக்கினால், வெடியோசை அடங்கிப் பேச்சு மேலெழும். ஓடிஸ்ஸி கருவிகளில் டைனமிக் ஈக்கியூ இருந்தால், குறைந்த சத்தத்தில் காது இழக்கும் பாஸை அது ஈடுசெய்யும். படத்துக்கு அதன் றெஃபரன்ஸ் அளவைப் பூச்சியத்திலும், பாட்டுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் 10 அல்லது 15 இலும் வைக்கலாம்.

உதட்டசைவுக்கு முன் ஒலி வந்தால் ஓடியோ டிலே என்பதைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். செக்கனுக்கு 25 சட்டகங்கள் ஓடும் ஒளிபரப்பில் ஒரு சட்டகத்துக்கு 40 மில்லிசெக்கன் என்பதால், அந்த அளவில் தாவிப் பார்ப்பது வசதி. ஒலி பிந்தி வந்தால் டிலே உதவாது. றிசீவரிலும் தொலைக்காட்சியிலும் அதைப் பூச்சியமாக்குங்கள், புளூரூத் வழியாக இணைத்திருந்தால் வயருக்கு மாறுங்கள்.

எல்லாம் சரியான பிறகு, மக்சிமம் வொலியூம் என்பதற்கு ஓர் எல்லையும், பவர் ஒன் வொலியூம் என்பதற்கு ஓர் அடக்கமான அளவும் இடுங்கள். விருந்துக்கு வரும் மச்சான்மாரிடமிருந்து ஸ்பீக்கரைக் காப்பாற்றும் வழி அது ஒன்றே. பிறகு ஸ்பீக்கர், தூரம், லெவல், இன்புற் அசைன் ஆகிய ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை நான் அச்சிட்டு, றிசீவரின் அடியில் ஒரு பிளாஸ்ரிக் உறையில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை யாராவது றிசெற்றை அழுத்திவிட்டால், கயிற்றையும் அளவு நாடாவையும் தேடாமல் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மறுபடி பதித்துவிடலாம்.